நடிப்பிற் பிறந்த காதல்



பண்ணைவீடு ஒன்றின் முற்றம். மாலைப் பொழுது. முற்றம் முழுவதும் இத்தாலிய உணவுச்சாலை ஒன்றைப் போல அலங்கரிக்கப்பட்டிருக்கிறது. நடுவே ஒரு சாப்பாட்டு மேசை. மேசையின் இருபுறமும் அமர்ந்திருப்போர் ஒரு தாயும் தந்தையும். அவர்களை உபசரிப்போர் அவர்களுடைய இரட்டைப் பெண்பிள்ளைகள். தாயும் தந்தையும் பல ஆண்டுகளுக்கு முன்னரே விவாகரத்துப் பெற்றுப் பிரிந்தவர்கள். ஆளுக்கொரு குழந்தையாகப் பங்கிட்டுக்கொண்டு, தாய் பொஸ்டன் நகரிலும் தந்தை கலிபோர்ணியாவிலும் வாழ்ந்தவர்கள். அவர்கள் காதலராய் இருந்த காலத்தில் முதன்முதலாகச் சேர்ந்து உணவருந்திய உணவுச்சாலையையே பிள்ளைகள் இப்பொழுது முற்றத்தில் எழுப்பி வைத்திருக்கிறார்கள். காதலராக நடியுங்கள் என்று பெற்றோரை எவரும் கேட்கவில்லை. ஆயினும் மேசையில் அமர்ந்த அக்கணமே அவர்கள் வேடம் பூண்டுவிட்டார்கள். சற்று நேரம் பழைய நினைவுகளில் பேச்சு இனிமையாக ஓடுகிறது. பின்னர், பழைய சண்டையும் தன் ஆசனத்தைத் தேடிக்கொண்டு வந்துவிடுகிறது.

இது 1961ஆம் ஆண்டில் வோல்ட் டிஸ்னி நிறுவனம் வெளியிட்ட ‘த பேரன்ட் ட்ராப்’ என்னும் படத்தில் வரும் காட்சி. பிள்ளையோடு தனித்து நிற்கும் ஒரு தாயோ தந்தையோ, மெய்யாகவன்றிப் பொய்யாகவே காதல் மேடையில் ஏறுவதும், ஏறியபின் இறங்க முடியாமற் போவதும் நகைச்சுவைக் கதைகளிலே தனியொரு வகையாக வளர்ந்திருக்கின்றன. இத்தகைய கதைகளைப் பார்த்துச் சிரித்துவிட்டு எழுந்து போவதே வழக்கம். ஆனால் இவற்றுள்ளே ஒரு கேள்வி ஒளிந்திருக்கிறது. பெரியவர் இருவர் பொய்க்காதல் ஆடும்போது, அருகில் நிற்கும் பிள்ளை அதனைப் பொய்யென்று எப்படி அறியும்? அறியாவிட்டால் அதன் கதி என்ன?

காதலில் பொய்வேடம் என்பது புதிய உத்தியன்று. பிரெஞ்சு நாடகாசிரியர் மரிவோ 1737இல் அரங்கேற்றிய நாடகமொன்றில், செல்வம் மிக்க இளம் விதவை ஒருத்தி கதைத் தலைவியாகிறாள். அவளை விரும்பும் வறியவன் ஒருவன் அவள் வீட்டிலேயே காரியத்தராய் வேலைக்கு அமர்கிறான். அவனுடைய பழைய பணியாளன் ஒருவன், இரகசியம் சொல்வது போலச் சொல்லிச் சொல்லி அவள் மனத்தைத் திருப்புகிறான். இறுதியில் அவ்வறியவன் தன் வாயாலேயே சூழ்ச்சி அனைத்தையும் ஒப்புக்கொள்கிறான்: வழிகள் பொய், அன்பு ஒன்றே மெய் என்கிறான். அவள் மன்னித்துவிடுகிறாள். கதை நயமானது, வசனமும் நயமானது. ஆயினும் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். அந்த விதவைக்குப் பிள்ளை எதுவும் நாடகத்தில் இல்லை. ஏழெட்டு வயதில் ஒரு மகனோ மகளோ அந்த வீட்டில் இருந்து, புதிய காரியத்தரின் கையைப் பிடித்துக்கொண்டு தோட்டத்தில் உலாவியிருந்தால், மன்னிப்பு அத்துணை எளிதாய் வந்திருக்குமா? மரிவோவின் காலத்து நாடகமேடை இக்கேள்வியைக் கேட்கவில்லை.

தமிழ்த் திரையும் நெடுங்காலம் அதனைக் கேட்கவில்லை. 1955இல் வெளிவந்த ‘மிஸ்ஸியம்மா’ நேயர்கள் பலருக்கும் பழக்கமான படம். எல். வி. பிரசாத் இயக்க, ஜெமினி கணேசனும் சாவித்திரியும் நடித்தது. கிராமத்துப் பள்ளிக்கூடம் ஒன்றுக்குக் கணவன் மனைவியராயுள்ள ஆசிரியர் இருவர் வேண்டும் என்று ஒரு விளம்பரம் வருகிறது. வேலையற்ற பட்டதாரி ஒருவனும், வேலையற்ற கிறிஸ்தவப் பட்டதாரிப் பெண் ஒருத்தியும் தம்பதியர் என நடித்து அவ்வேலையில் அமர்கிறார்கள். பட்டம் பெற்றவர் வேலைக்காக எந்த வேடமும் புனையத் துணிவது அன்று சிரிப்பை வருவித்தது. இன்றும் அது பழங்கதையாகிவிடவில்லை என்பது வேறு விஷயம். படத்தில் வரும் பொய் குறும்பான பொய். எவரையும் காயப்படுத்தாத பொய். காரணம், நடிப்போர் இருவரும் மணமாகாத இளையோர். அவர்கள் பொய்யை நம்பி ஏமாறுவோர் வளர்ந்த பெரியவர்கள். முடிவில் இருவரும் மணந்துகொண்டால் கணக்குத் தீர்ந்துவிடுகிறது.

பிள்ளையுள்ளவரின் கணக்கு அவ்வாறு தீர்வதில்லை. முதற் காதலில் தோற்றவருக்கோ, துணையை இழந்தவருக்கோ இரண்டாம் முறை வாய் திறந்து ‘விரும்புகிறேன்’ என்று சொல்வது பெரும்பாடு. ஊர் பேசும் என்பது ஒருபுறம். இன்னும் பெரிய தடை வீட்டுக்குள்ளேயே, பாடப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. அதன் முகத்தைப் பார்த்ததும் வந்த வார்த்தை தொண்டையிலேயே நின்றுவிடும். இப்படிப்பட்டவருக்குப் ‘பொய்யாக நடிப்போம்’ என்பது ஒரு வாசலைத் திறந்துவிடுகிறது. மெய்யாகச் சொல்ல அஞ்சியதைப் பொய்யென்ற பெயரில் சொல்லிவிடலாம். தோற்றாலும் நடிப்புத்தானே என்று சிரித்துக்கொள்ளலாம். இவ்வகைக் கதைகளில் நகைச்சுவை பிறக்கும் இடம் இதுவே. ஆபத்துப் பிறக்கும் இடமும் இதுவே.

இவ்வுண்மையை ஒரே கதையின் இரு காலத்து உருவங்களைப் பக்கத்திற் பக்கம் வைத்துப் பார்த்தால் தெளிவாகக் காணலாம். 1964இல் பாரிஸ் நகரத்தில் ‘கள்ளிப்பூ’ என்று பொருள்படும் பெயருடைய நாடகம் ஒன்று மேடையேறியது. எழுதியவர்கள் பியர் பரியே, ஜோன் பியர் கிரேடி என்னும் இருவர். மறு ஆண்டே ஏப் பரோஸ் அதனை ஆங்கிலமாக்கி நியூயோர்க்கில் அரங்கேற்றினார். அங்கு அது ஆயிரத்து இருநூறு தடவைக்கு மேல் நடிக்கப்பட்டது. 1969இல் இங்கிரிட் பேர்க்மன், வோல்டர் மத்தோ ஆகியோர் நடிக்கத் திரைப்படமும் ஆயிற்று. அப்படத்தில் இளங்காதலியாக நடித்த கோல்டி ஹோன் சிறந்த துணை நடிகைக்கான ஒஸ்கார் பரிசு பெற்றார்.

கதை இது. பல் வைத்தியர் ஒருவர். மணமாகாதவர், மணத்துக்கு அஞ்சுபவர். தம் இளங்காதலி கலியாணப் பேச்சை எடுக்காதிருக்கும்படி, தமக்கு மனைவியும் மூன்று பிள்ளைகளும் உண்டு என்று முன்கூட்டியே பொய் சொல்லி வைத்திருக்கிறார். அக்காதலி உயிரை விடத் துணிந்து தப்பியதும் அவர் மனம் மாறி, மனைவியை விவாகரத்துச் செய்து உன்னையே மணப்பேன் என்கிறார். அந்தப் பெண்ணோ நல்லவள். மனைவியின் வாயாலேயே சம்மதத்தைக் கேட்க வேண்டும் என்கிறாள். இல்லாத மனைவியை எங்கே தேடுவது? வைத்தியரிடம் நெடுங்காலம் வேலை செய்யும், சிரிக்கத் தெரியாதவள் எனப் பெயரெடுத்த தாதி அவ்வேடத்தை ஏற்கிறாள். அவள் மேசைமேல் ஒரு கள்ளிச்செடி இருக்கிறது. நடிக்க நடிக்க அவள் மலர்கிறாள், கள்ளியும் பூக்கிறது. உவமை சற்று வெளிப்படையானதுதான். ஆயினும் மேடையில் எடுபட்டது.

இந்நாடகத்தில் அந்த மூன்று பிள்ளைகளும் வெறும் வாய்ப்பேச்சு. வைத்தியர் சுகவாசியாய் வாழ்வதற்கு வேண்டிய ஒரு சாட்டு. எனவே பொய் வெளிப்படும்போது அந்தப் பிள்ளைகளுக்கு நோவதற்கு எதுவும் இல்லை.

இனி இரண்டாம் உருவம். 2011இல் ஹொலிவுட்டில் இதே கதையை ‘ஜஸ்ட் கோ வித் இட்’ என்னும் பெயரில் மீண்டும் எடுத்தார்கள். அடம் சான்ட்லர், ஜெனிபர் அனிஸ்டன் ஆகியோர் நடித்தனர். பல் வைத்தியர் இப்பொழுது அழகுச் சத்திரசிகிச்சை வைத்தியர் ஆகிவிட்டார். தாதி அவருடைய அலுவலகத்தை நடத்தும் பெண்ணாகிவிட்டாள். ஆனால் பெரிய மாற்றம் வேறொன்று. அப்பெண் இரு பிள்ளைகளைத் தனித்து நின்று வளர்க்கும் தாய். வைத்தியரைப் பிரிந்து செல்லும் மனைவியாக அவள் நடிக்கையில், அவளுடைய மெய்யான பிள்ளைகளும் நாடகத்துக்குள் இழுக்கப்படுகிறார்கள். வைத்தியரைத் தந்தையென்று சொல்ல வேண்டியவர்களாகிறார்கள். அவர்கள் இலேசில் இணங்கவில்லை. நடிகையாக வேண்டும் என்று கனவு காணும் சிறுமி, ஆங்கிலேயர் போல் உச்சரிப்பை மாற்றிக்கொண்டு வேடத்தைத் தன் விருப்பப்படி ஆடுகிறாள். சிறுவனோ ஹவாய்த் தீவுகளுக்கு அழைத்துச் செல்ல வேண்டும் என்று இளங்காதலியின் முன்னிலையிலேயே பேசி வைத்தியரை மடக்கிவிடுகிறான்.

இடையில் ஏன் இந்த மாற்றம்? 1969க்கும் 2011க்கும் இடையில் அமெரிக்கக் குடும்ப வாழ்க்கை பெரிதும் மாறியிருந்தது. எவர் பக்கத்திற் குற்றம் என்று நிரூபிக்காமலே விவாகரத்துப் பெறலாம் என்னும் சட்டம் கலிபோர்ணியாவில் 1969இல் நிறைவேறி, 1970 சனவரி முதலாந் திகதி நடைமுறைக்கு வந்தது. அந்நாட்டு மாநிலங்களுள் இவ்வகைச் சட்டத்தை முதலில் இயற்றியது அதுவே. பிற மாநிலங்கள் ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்தன. தனித்து நின்று பிள்ளை வளர்க்கும் தாயும் தந்தையும் அங்கு எந்தத் தெருவிலும் காணக்கூடியவர்களாயினர். முன்னர் வைத்தியர் இல்லாத குடும்பத்தைக் கற்பனை செய்துகொண்டார். பின்னர் உள்ள குடும்பம் ஒன்றை இரவல் வாங்கிக்கொண்டார்.

இரண்டாம் படம் கலைத்தரத்தில் உயர்ந்ததன்று. விமரிசகர்கள் அதனைக் கடுமையாகவே சாடினார்கள். ஆண்டின் மோசமான படைப்புகளுக்கு ஏளனமாக வழங்கப்படும் பரிசுகளிலும் அதற்குப் பங்கு கிடைத்தது. அதன் கேலிகளிற் பல காதுக்கு இனியவையல்ல. இருந்தும் ஓரிடத்தில் அது முன்னைய நாடகத்தைவிட ஆழமான நீரில் கால் வைக்கிறது. நீந்தத் தெரியாத அச்சிறுவனுக்கு அவ்வைத்தியர் நீந்தக் கற்றுக்கொடுக்கிறார். பொய்த் தந்தை என்பது கதையின் ஏற்பாடு. ஆனால் தண்ணீரில் இறங்கியபின், தாங்கிப் பிடிக்கும் கை பொய்க்கையாய் இருக்க முடியாது. அந்தக் கையை விட்டுவிட்டு நாளைக்கு அவர் போய்விட்டால், அவன் இழப்பது ஒரு நடிகனை அல்லவே!

ஆயினும் அப்படம் அந்நீரில் நெடுநேரம் நிற்பதில்லை. உடனே வேறொரு வேடிக்கைக்கு ஓடிவிடுகிறது. பிள்ளைகளைப் பேரம் பேசும் வியாபாரிகளாகக் காட்டியதும் அவ்வச்சத்தினால்தான் போலும். பிள்ளை கெட்டிக்காரத்தனமாகக் கூலி கேட்டுவிட்டால், அதன் மனம் புண்படுமோ என்று பார்ப்போர் கவலைப்பட வேண்டியதில்லை. கூலி கொடுத்தாயிற்று என்று நிம்மதியாய்ச் சிரிக்கலாம். ஹொலிவுட்டின் இவ்வகைப் படங்கள் பலவற்றில் இந்தச் சௌகரியமான தந்திரத்தைக் காணலாம்.

தமிழ் வழக்கிலும் வேடம் பூண்ட பெற்றோர் கதை ஒன்று உண்டு. திருச்சிராப்பள்ளி மலைக்கோயிலில் எழுந்தருளியிருக்கும் இறைவனுக்குத் தாயுமானவர் என்பது திருநாமம். பேறுகாலம் நெருங்கிய பெண்ணொருத்தி தாயின் வரவை எதிர்பார்த்திருக்கிறாள். தாயோ காவிரியில் வெள்ளம் பெருகியதால் அக்கரையில் நின்றுவிடுகிறாள். சிவபெருமானே அத்தாயின் உருவில் வந்து, பேறு பார்த்து, பணிவிடை செய்கிறார். வெள்ளம் வடிந்து மெய்த்தாய் வந்து சேரவும் வேடம் வெளிப்படுகிறது. தலபுராணம் கூறும் இக்கதையில் வேடம் போட்டவர் வேலையை முழுவதும் செய்து முடித்த பின்னரே மறைகிறார். வேடத்தைக் களைந்த நாளில் அப்பெண்ணுக்குக் குறை எதுவும் இல்லை. மனிதர் போடும் வேடத்துக்கு அந்த உத்தரவாதம் கிடையாது.

பிள்ளையின் பக்கத்தில் நின்று, அஞ்சாமல் இந்தக் கதையைச் சொன்னவர் ஜேர்மானிய எழுத்தாளர் எரிக் கெஸ்ட்னர். முதலிற் கூறிய டிஸ்னி படத்துக்கு மூலம் அவர் 1949இல் வெளியிட்ட சிறுவர் நாவலே. ஹிட்லர் ஆட்சியில், 1933 மே மாதம் 10ஆம் திகதி பெர்லின் நகரில் நூல்களைத் தீயிட்டபோது எரிக்கப்பட்ட ஆசிரியர்களுள் ஒருவர் அவர். தம் நூல்கள் எரிவதைக் கூட்டத்தோடு நின்று கண்ணால் கண்டவர். போர் முடிந்தபின், தகர்ந்து கிடந்த நாட்டின் பிள்ளைகளுக்கு அவர் சொன்ன கதைகளுள் ஒன்று, பிரிந்த பெற்றோரின் கதை. சிறுவர் நூலில் விவாகரத்தைப் பேசலாமா என்று கேட்போர் அக்காலத்தில் இருந்தனர். விவாகரத்தினால் துன்புறும் சிறுவர் இருக்கும்வரை, அதைப் பற்றிச் சிறுவரோடு பேசாதிருப்பது முறையன்று என்பதே அவர் நிலை.

மலைநாட்டு ஏரிக்கரை ஒன்றில் பெண்பிள்ளைகளுக்கான விடுமுறைக்கால விடுதி. வியன்னாவிலிருந்து லுயிசே என்னும் சிறுமி வந்திருக்கிறாள், சுருள்முடி, துடுக்கு. மியூனிக்கிலிருந்து லொட்டே வருகிறாள். இரட்டைப் பின்னல், அடக்கம். இருவருக்கும் ஒரே முகம். ஒருத்திக்குத் தந்தை மட்டும், மற்றவளுக்குத் தாய் மட்டும். பிறந்த நாளும் ஒன்று, பிறந்த ஊரும் ஒன்று என்று அறிந்தபோது செய்தி தெளிவாகிறது. தாயின் பெயர் லுயிசெலொட்டே. பெற்றோர் முதலில் தாயின் பெயரை இரண்டாய்ப் பிளந்து பிள்ளைகளுக்கு இட்டனர். பின்னர் பிள்ளைகளையும் பங்கிட்டனர்.

இங்கே ஒன்றை ஊன்றிப் பார்த்தல் வேண்டும். கதையில் முதலில் நடித்தவர்கள் பிள்ளைகள் அல்லர்; பெற்றோர். உனக்கு ஓர் உடன்பிறந்தாள் உண்டு என்பதைத் தந்தையும் சொல்லவில்லை, தாயும் சொல்லவில்லை. ஒவ்வொருவரும் தத்தம் வீட்டில், முழுக் குடும்பமே இவ்வளவுதான் என்று ஆண்டுக்கணக்காய் நடித்து வந்தனர். பிள்ளைகள் இடம் மாறி, லொட்டே வியன்னாவுக்கும் லுயிசே மியூனிக்குக்கும் போய் நடிப்பது, அந்தப் பெரிய நடிப்புக்குச் சிறியோர் கொடுத்த மறுமொழியே.

சிரிப்புக்குக் குறைவில்லை. சமையல் அறியாத லுயிசே தாயின் வீட்டில் அடுப்போடு போராடுகிறாள். திடீரென்று மகளுக்குச் சமையல் மறந்துபோனதேன் என்று தாய் திகைக்கிறாள். கணக்கில் கெட்டிக்காரியான லொட்டே தந்தையின் வீட்டில் பணிப்பெண்ணின் செலவுப் புத்தகத்தைப் பார்வையிட்டு அவளை நடுங்க வைக்கிறாள். வியன்னாவில் அனைவரும் ஏமாறுகின்றனர். வைத்தியர் ஒருவரின் நாய் மட்டும் ஏமாறவில்லை. அது மோந்து பார்த்து, இவள் வேறு என்று கண்டுகொள்கிறது.

தந்தை இசைக்குழு நடத்துபவர், இசையமைப்பாளர். அவர் வேறொரு பெண்ணை மணக்க எண்ணுகிறார் என்று அறிந்ததும் கதையின் நிறம் மாறுகிறது. லொட்டே தனியே அப்பெண்ணின் வீட்டுக்குப் போகிறாள்; என் தந்தையை நீங்கள் மணக்கக்கூடாது என்று நேருக்கு நேர் சொல்கிறாள். திரும்பி வந்து காய்ச்சலில் விழுகிறாள். கடுங்காய்ச்சல். ஹொலிவுட் கதைகள் தாண்டிச் சென்றுவிடும் இடம் இதுவே. ஒரு குழந்தை தன் பெயரை விட்டு, தன் தாயை விட்டு, இன்னொருத்தியாய் வாழ்ந்துகொண்டு, தந்தையைக் காக்கும் பொறுப்பையும் தோளிற் சுமந்தால் உடம்பு தாங்காது. கெஸ்ட்னர் அதனை மறைக்கவில்லை.

மியூனிக்கில் தாய் படச் சஞ்சிகை ஒன்றில் வேலை செய்பவள். விடுமுறைக்கால விடுதியருகே எடுக்கப்பட்ட இரட்டையரின் புகைப்படம் ஒன்று, வெளியிடுவதற்கென அவள் மேசைக்கே வந்து சேருகிறது. உண்மை வெளிப்படுகிறது. வியன்னாவிலிருந்து கடிதம் வராமற்போகவே, தொலைபேசியிற் பேசி, மகள் நோயுற்றிருப்பதை அறிந்து லுயிசேயோடு புறப்பட்டு வருகிறாள். அந்தப் பிரயாணத்தில் காதல் என்ற சொல்லுக்கே இடமில்லை. இரு பெரியவர்கள் நோயாளிக் குழந்தையின் கட்டிலுக்கு இருபுறமும் நிற்கிறார்கள். உணவுச்சாலை அலங்காரமும் இல்லை, பாட்டும் இல்லை. டிஸ்னி படத்தின் முற்றத்து மேசை அழகான கற்பனைதான். எனினும் அந்தக் கட்டிலின் அருகே அது சற்று விளையாட்டுச் சாமானாகவே தோன்றுகிறது.

ஒன்று சொல்லாமல் விடுவதற்கில்லை. தந்தை மணக்க எண்ணிய அந்தப் பெண்ணுக்குக் கெஸ்ட்னரும் நீதி செய்யவில்லை. டிஸ்னியும் செய்யவில்லை. புதிதாய் வருபவள் பணத்துக்கும் பகட்டுக்கும் ஆசைப்படுபவளாகவே இருக்க வேண்டும் என்பது இக்கதைகளின் எழுதாச் சட்டம். தமிழிலும் ‘மாற்றாந்தாய்’ என்ற சொல்லே பழிச்சொல்லாகிவிட்டது. நீதியற்ற நடத்தை எதற்கும் மாற்றாந்தாய் மனப்பான்மை என்று பெயரிட்டுவிடுகிறோம். பிறர் பெற்ற பிள்ளையைத் தன் பிள்ளைபோல் வளர்த்த பெண்கள் எத்தனையோ ஊர்களில் எத்தனையோ பேர் இருக்க, மொழி அவர்களுக்கு ஒரு நல்ல சொல்லைக்கூடச் சேமித்து வைக்கவில்லை. இந்த ஓரிடத்தில், மேலே தரம் குறைந்தது எனக் கூறிய 2011ஆம் ஆண்டுப் படமே முன்னிற்கிறது. அதில் போட்டியாக வரும் இளங்காதலி கணக்குப் படிப்பிக்கும் ஓர் ஆசிரியை, கெட்டவள் அல்லள்.

கெஸ்ட்னரின் கதை தமிழுக்கும் வந்தது. 1965இல் ஏ.வி.எம். நிறுவனம் கிருஷ்ணன் பஞ்சு இயக்கத்தில் ‘குழந்தையும் தெய்வமும்’ என்னும் படத்தை வெளியிட்டது. ஜெய்சங்கரும் ஜமுனாவும் பெற்றோர். குட்டி பத்மினி இரட்டையராக இரு வேடம். சிறுமி ஒருத்தியே இரு குணமும் காட்டி நடித்த திறம் பெரிதும் பேசப்பட்டது. ஆனால் தமிழுக்கு வந்தபோது ஒரு முக்கியமான பொருள் வழியில் மாறிப்போயிற்று. தமிழ்ப் படத்தில் தம்பதியர் பிரிவதற்குக் காரணம் பெண்ணின் தாய். செல்வச் செருக்குள்ள மாமியார். கணவனும் மனைவியும் அடிப்படையில் நல்லவர்கள். இடையில் நின்றவர் திருந்தினால் போதும். பார்ப்போர் கண்ணீர் விடலாம், மாமியாரைத் திட்டலாம், மன நிறைவோடு வீடு திரும்பலாம். தம் வீட்டைப் பற்றி எதுவும் யோசிக்க வேண்டியதில்லை.

ஜேர்மானிய மூலத்தில் இடையில் எவரும் நிற்கவில்லை. தந்தைக்கு வயது குறைவு, கலையில் வெறி. இரண்டு கைக்குழந்தைகள் இரவும் பகலும் மாறி மாறி அழுதன. இசை எழுத அமைதி வேண்டும் என்று அவர் நகரின் வேறொரு பகுதியில் தனியே ஓர் அறை எடுத்தார். அவ்வறைக்குப் போனவர் மனைவியிடமிருந்தும் தூரப் போனார். மனைவியும் இளையவள், பொறுக்கவில்லை, தன்மானம் விடவில்லை. அவ்வளவே. வில்லன் இல்லாத பிரிவு. எந்த வீட்டிலும், எந்தத் தெருவிலும் நடக்கக்கூடியது. குழந்தை அழுதது, அறை சிறியது என்பதற்காகவா ஒரு குடும்பம் உடையும் என்று கேட்கலாம். உடைந்த குடும்பங்களை அருகிருந்து பார்த்தவர்கள் அப்படிக் கேட்கமாட்டார்கள்.

லொட்டே இதனைப் பெரியவர்களைவிட நன்றாகக் கண்டுகொண்டாள். லுயிசேயாக நடித்துக்கொண்டு வியன்னாவில் இருந்த நாட்களிலேயே அவள் கண்ணில் ஒன்று பட்டது. தந்தையின் தனியறை நகர நடுவே, வெளிச்சம் நிறைந்த இடம். வீட்டுக்கு அடுத்த பகுதியிலோ ஓவியர் ஒருவர் குடியிருக்கிறார். அவருக்குத்தான் வெளிச்சம் தேவை. இசை எழுதுவோருக்கு வெளிச்சம் எதற்கு? நீங்கள் இருவரும் அறையை மாற்றிக்கொண்டால் என்ன என்று அவள் கேட்டாள். அப்பொழுது தந்தைக்கு அது பிடிக்கவில்லை. தம் தனிமையில் பிள்ளை கைவைக்கிறாள் என்றே தோன்றியது.

காய்ச்சல் தணிந்தது. பிறந்த நாள் வந்தது. என்ன பரிசு வேண்டும் என்று கேட்டபோது, இனி எந்தப் பிறந்த நாளுக்கும் பரிசு வேண்டாம், எல்லோரும் ஒன்றாக இருந்தாற் போதும் என்பதே இரட்டையரின் வேண்டுகோள். பெற்றோர் அடுத்த அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார்கள். வெளியே பிள்ளைகள் இருவரும் காத்து நின்றார்கள். உள்ளே என்ன பேச்சு நடந்ததோ, கதவு திறந்தபோது முடிவு நல்ல முடிவாய் இருந்தது. மறுமணப் பதிவும் நடந்தது.

தந்தை நகர நடுவேயிருந்த தனியறையை ஓவியருக்குக் கொடுத்தார். ஓவியர் இருந்த அடுத்த பகுதிக்குத் தமது பியானோவைக் கொண்டுவந்தார். இசை எழுதும் நேரத்தில் அவர் அங்கே போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். கதவுக்கு இப்பால் வீடு. சத்தம் போடுவதற்கு இரண்டு பிள்ளைகள்.